மூல நட்சத்திரக்காரர் இருவர்

அன்று காலை மயிலாப்பூர் வீட்டுக்குள் இருந்தவர்கள்: மாமி. அவருடைய மருமகள், ஆறு மாதக் கர்ப்பம். நான், அந்த வீட்டு டிரைவர்.

மணப்பாறைப் பக்கம் ஒரு காட்டு மேட்டில் நின்றவர்கள்: சார், அதாவது மாமியின் கணவர். எனக்குப் பதிலாக வண்டி ஓட்டிப் போன ஆக்டிங் டிரைவர்.

அவன் நின்ற இடம் என்னுடையது.

சார் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். வானத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். நான் ஐந்தாவதோடு நின்றவன். பேச்சும் குறைவு. அவர் பேசுவார், நான் ஓட்டுவேன். எங்களுக்குள் அது போதுமானதாக இருந்தது.

அந்த வருட மார்கழியில் கங்கண சூரிய கிரகணம் வருகிறது என்று ஆடி மாதமே சொல்லிவிட்டார். பாண்டி பஜார் சிக்னலில் வண்டி நின்றது. சட்டைப் பையிலிருந்து ஒரு பத்து ரூபாய்க் காசு எடுத்தார்.

"இதுதான் சூரியன்னு வெச்சுக்கோ." அதன் நடுவில் ஒரு ரூபாய்க் காசை வைத்தார். "இது நிலா. சில சமயம் நம்மை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கும். அப்ப சின்னதாத் தெரியும். சூரியனுக்கு நேர் நடுவுல வந்து நின்னாலும் முழுசா மூட முடியாது. சுத்தி ஓரம் மிச்சம் நிக்கும். வளையமாட்டம்."

"மெட்ராசுல தெரியுமா சார்?"

"இங்க வெறும் பிறைதான். வளையம் பாக்கணும்னா திருச்சி தாண்டணும். போலாமா?"

"போலாம் சார்."

பின்னால் ஹாரன் அடித்தார்கள். பச்சை விழுந்திருந்தது.

கிரகணம் பார்க்க இரண்டு அட்டைக் கண்ணாடி வாங்கினார். ஒன்றை என் கையில் கொடுத்து, "இது உன்னோடது" என்றார். வண்டி டேஷ்போர்டில் வைத்துக்கொண்டேன். தனியாக இருக்கும்போது போட்டுப் பார்ப்பேன். தெரு தெரியாது, மரம் தெரியாது, எல்லாம் கறுப்பு. சூரியன் மட்டும் மாத்திரை அளவுக்குச் சிவப்பாகத் தெரியும்.

கிரகணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது மாமி பஞ்சாங்கத்தோடு கூடத்துக்கு வந்தார்.

"மூலத்துலன்னா பிடிக்கறது! நீ போகப்படாது."

என்னைத்தான் சொன்னார். கிரகணம் எந்த நட்சத்திரத்தில் பிடிக்கிறதோ அதில் பிறந்தவர்கள் பார்க்கக் கூடாது. அது அவர்கள் வழக்கம். 

எனக்கு மூல நட்சத்திரம் கொடுத்ததே மாமிதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கோயிலில் அர்ச்சனைக்கு என் நட்சத்திரம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. எந்த மாதம் என்றார். மார்கழி, மழை கொட்டியது என்று அம்மா சொல்லும், அவ்வளவுதான் என்றேன். "அப்ப மூலமே இருக்கட்டும். அனுமார் நட்சத்திரம். நன்னா இருப்பே" என்றார். அன்றிலிருந்து மாதா மாதம் குருக்கள் ஐந்து பெயர் சொல்லுவார். சார், மாமி, பெங்களூரில் இருக்கும் மகன், மருமகள், கடைசியில் நான். நான் கம்பிக்கு வெளியே நின்று கேட்பேன். காது அந்த ஐந்தாவது பெயருக்காகவே காத்திருக்கும்.

"நான் வண்டி ஓட்டத்தானே மாமி போறேன். மேல பாக்க மாட்டேன்."

"நீ பாக்க மாட்டே. இவர் பக்கத்துல நின்னுண்டு 'பாரு, பாரு'ம்பார். நோக்குப் பொண்டாட்டி புள்ளை இருக்கா. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா அவாளுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

நான் சாரைப் பார்த்தேன். சார் பேப்பரைப் பார்த்தார்.

"நம்பிக்கையான ஆளா ஒருத்தனைப் பிடிச்சுக் குடுப்பா" என்றார் பேப்பருக்குள்ளிருந்து.

பிடித்துக் கொடுத்ததும் நான்தான். கே.கே. நகர்க்காரன். ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம் என்று வண்டிகள் நிற்கும் இடங்களில் பழக்கம். வாய் ஓயாதவன்.

"இன்னா நைனா, உன் வண்டிய தொடவே வுட மாட்டே. இப்ப சாவிய நீட்றே? மாமி தொரத்திட்டாங்களா?"

"போறியா, இல்லியா?"

"போறேன், போறேன். ஆனா சூரியனப் பாக்க இன்னாத்துக்குத் திருச்சி? இங்க சூரியன் லீவா?"

கிரகணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் கிளம்பினார்கள். அவன் ஏறியதும் சீட்டைப் பின்னால் தள்ளினான். பின்னால் பார்க்கும் கண்ணாடியைத் திருப்பினான். நான் வருடக்கணக்காக வைத்திருந்த அளவு. சார் எப்போதும்போல் முன் சீட்டில் உட்கார்ந்தார். வண்டி தெருமுனை திரும்பிய பிறகுதான் டேஷ்போர்டில் என் அட்டைக் கண்ணாடி இருப்பது ஞாபகம் வந்தது.

மறுநாள் எட்டு மணிக்கு மேல் கிரகணம் பிடித்தது. மாமி ஊறுகாய் ஜாடி மேல் தர்ப்பை போட்டார். ஜன்னல்களைச் சாத்தினார். கிழக்கு ஜன்னலுக்குக் கதவு சரியாகச் சேராது. அதற்கு ஒரு பழைய போர்வையைக் கட்டினார். சுலோகம் எழுதிய ஓலைத் துண்டை நூலில் கோத்து என் நெற்றியில் கட்டிவிட்டார். மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டது தெரிந்தது. மூன்று பேரும் கூடத்தில் தரையில் உட்கார்ந்தோம்.

போர்வையில் பூச்சி அரித்த ஓட்டைகள் இருந்தன. ஒன்பதரை இருக்கும். மருமகள் தரையைக் காட்டினாள்.

"அம்மா, இங்க பாருங்கோ."

ஓட்டை வழியாக வந்த வெளிச்சம் தரையில் வட்டமாக விழவில்லை. பிறை பிறையாக விழுந்தது. நகம் வெட்டிப் போட்டமாதிரி. கூடம் முழுவதும்.

"தரையைப் பாத்தா தோஷம் இல்லையோல்லியோ?" என்றாள் மருமகள்.

மாமியின் பாதத்தின் மேல் ஒரு பிறை விழுந்திருந்தது. காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக வெளியே நீட்டி, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அழகாகத்தான் இருந்தது. ஆனால் இதே போர்வையை மணப்பாறையில் கட்டியிருந்தால் ஒவ்வொரு ஓட்டையும் ஒரு வளையம் போட்டிருக்கும். எனக்கு அந்த நினைப்புத்தான். மேகம் வந்து பிறைகள் அழிந்தபோது நிம்மதியாக இருந்தது. அங்கேயும் மேகம் வரட்டும் என்று நினைத்தேன்.

வரவில்லை. போனில் படம் வந்தது. ஆக்டிங் டிரைவர் அனுப்பியிருந்தான். சாரும் அவனும் வண்டியில் சாய்ந்துகொண்டு அண்ணாந்து நிற்கிறார்கள். யாரோ ஊர்க்காரர் எடுத்திருக்க வேண்டும். சாரின் கை அவன் தோளில் இருந்தது. அவன் முகத்தில் என் கண்ணாடி.

போனைச் சட்டைப் பையில் வைத்தேன். கிரகணம் விட்டதும் குளித்தேன். ஓலையை அவிழ்த்துப் போட்டேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வண்டி வந்தது.

"நைனா, சூப்பரு! நெருப்புல வளையல் பண்ணி மேல மாட்டி வுட்டாப்பல கீது. நடுவுல கறுப்பு. சுத்தி அப்பிடியே தகதகன்னு. மூணு நிமிசம் கூட இல்ல, பூட்ச்சி. நான் வாயே தொறக்கல."

"நெஜம்தான்" என்றார் சார். "அப்படியே நின்னுட்டான். கண்ணுல ஜலம் வந்துடுத்து இவனுக்கு. பாக்கணுமே!"

அதைச் சொல்லும்போது சார் முகத்தில் ஒரு பெருமை. என்னைப் பற்றி அவர் அப்படி ஒன்றும் சொன்னதில்லை. நான் அழுகிறவனும் இல்லை.

"இந்தா நைனா, உன் கண்ணாடி" என்று கொடுத்தான். மூக்கு இடத்தில் அட்டை நன்றாக மடங்கியிருந்தது, அவன் மூக்குக்கு.

மாமி அவனுக்குக் காபி கொண்டுவந்தார். ஏதோ தோன்றிக் கேட்டார்.

"நோக்கு என்ன நட்சத்திரம்?"

"மூலம் மாமி."

டம்ளர் பாதியில் நின்றது.

"மூலமா? நன்னாத் தெரியுமா?"

"இன்னா இப்பிடி கேட்டுட்டீங்கோ. என்னப் பெத்த நைனா ஜாதகமே எழுதி வெச்சிக்கீறாரு. மூலம், ரெண்டாம் பாதம்."

சார் சத்தமாகச் சிரித்தார். மாமி சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"நீ ஒரு வார்த்தை கேட்டுட்டு அனுப்பியிருக்கப்படாதோ?"

அவன் நட்சத்திரம் பிறப்பில் வந்தது. என்னுடையது மாமி போட்டது. உண்மையான மூலக்காரன் பார்த்துவிட்டான். நான் போர்வைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த மூலத்தன்று மாமி குருக்களிடம் அவன் பெயரையும் சொன்னார். "பாவம், தெரியாம நேராப் பாத்துட்டான். ஒரு வருஷத்துக்குச் சேத்துக்கோங்கோ." வருடம் முடிந்தது. பெயரை எடுக்கவில்லை. குருக்கள் அவன் பெயரைச் சொல்லி, அடுத்து என் பெயரைச் சொல்லி, இரண்டுக்கும் சேர்த்து ஒரே தடவை மூலம் என்கிறார்.

சார் இப்போதும் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வருகிறார். சிக்னலில் நின்றால் வானத்தைப் பேசுவார். "அன்னிக்கு அவன் நின்னான் பாரு..." என்று ஆரம்பிப்பார். நான் பச்சை விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

மருமகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அந்தப் பெயரும் அர்ச்சனையில் சேர்ந்தது. கம்பிக்கு வெளியே நின்று கேட்கிறேன். என் பெயர்தான் இன்னும் கடைசி. முன்பு ஐந்தாவது.

இப்போது ஏழு.