வைரசை வெட்டும் கத்தியும் என் மனைவியின் காலும்

தொண்ணூறுகளின் நடுவில் மருதமுனையில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எங்களூர் வழக்கப்படி கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்குக் குடிபோனவன் நான். மாமியின் முன்னறை முழுக்க என் புத்தகங்கள்தான்.

வெளிநாட்டிலிருந்து வந்த சிநேகிதன் ஒருவன் ஓர் ஆங்கில விஞ்ஞான சஞ்சிகை தந்தான். அதில் ஒரு கட்டுரை என்னைப் பிடித்துக்கொண்டது. நமது இரத்தத்திலுள்ள பிறபொருளெதிரிகள் வைரசைப் பற்றிப்பிடித்து முடக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த பாடம். ஆனால் நொதியத்தைப்போல் வேலைசெய்யும் பிறபொருளெதிரிகளும் உண்டாம். அவை வைரசின் புரதத்தை வெட்டிப்போட்டு, தாம் தேயாமல் அடுத்த வைரசுக்குப் போகுமாம். அப்படிப்பட்டவற்றை உடம்பே செய்துகொள்ளப் பழக்கும் தடுப்பூசி ஒருநாள் வரலாம் என்று எழுதியிருந்தது.

எனக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை. வகுப்பில் சொன்னேன், "மற்றது மீன் பிடிக்கிற வலை. இது மீன்கடைக் கத்தி. ஒரு கத்தி எத்தனை மீனையும் வெட்டும்." வீட்டிலும் இதே கதைதான். அப்போது ஆறு மாதக் கர்ப்பிணியாக இருந்த என் மனைவி, "இஞ்ச, அந்தக் கத்திய அங்கால வெச்சிட்டுச் சோத்தத் தின்னுங்க" என்றாள்.

அந்தக் கிழமையே ஒரு காலையில், வளவில் தறிக்கான நூலைக் காயப்போட்டுக்கொண்டிருந்தவளை எங்கிருந்தோ வந்த நாய் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. வாயில் எச்சில் வடிய ஓடிய அந்த நாய், பகலுக்குள் கடற்கரைப் பக்கம் செத்துக் கிடந்ததாகக் கேள்விப்பட்டோம்.

நாய் வாய் வைத்தால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண்ணால் என்பது எங்கள் வழக்கம். மாமி அவளைக் கிணற்றடியில் இருத்தி அப்படியே கழுவினார். மனைவி தன்பாட்டுக்குச் சவுக்காரமும் போட்டுக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போவமா?" என்று கேட்டாள்.

நான் உடனே ஓம் என்றிருக்க வேண்டும். விசர்நாய்க்கடி மூளைக்கு ஏறினால் மருந்தில்லை என்று வருசாவருசம் படிப்பிக்கிறவன் நான். ஆனால் கடித்த காயத்தில் போடும் மருந்தே பிறபொருளெதிரிதான் என்பதும், தாயின் பிறபொருளெதிரிகள் வயிற்றுப் பிள்ளைக்கும் போகும் என்பதும் எனக்குத் தெரியும். அந்தக் கத்தி நினைவுக்கு வந்தது. வைரசின் புரதத்தை வெட்டுவது என் பிள்ளையின் புரதத்தை வெட்டினால்? "ஏழு தரம் கழுவினதுதானே, கொஞ்சம் பொறு, பாத்துச் சொல்றன்" என்று புத்தகங்களைப் புரட்டத் தொடங்கினேன். படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பது என்னைப் பார்த்துச் சொன்னதாக்கும். ஒரு முழுநாளை வீணாக்கினேன்.

மறுநாள் காலை அவள் பர்தாவைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். "நீங்க படிச்சி முடிச்சிட்டு வாங்க. நானும் உம்மாவும் போறம்." நான் பின்னால் ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் ஊசி போடும் தாதி, நாங்கள் மிஸ்ஸி என்போம், பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பைச் சேர்ந்தவர். யுத்தம் நடந்த அந்த வருசங்களில் இரண்டு ஊராரும் யோசித்து யோசித்துத்தான் முகம் கொடுத்துக் கதைப்பார்கள். மாமி கழுவிய விதத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ஏழு தரம் கழுவினது நல்லம் அம்மா, சவுக்காரம் போட்டது அதவிட நல்லம். மண்ண மட்டும் காயத்துக்குள்ள போடாதீங்க" என்றார் மிஸ்ஸி. பிறகு என் பக்கம் திரும்பினார். "நேற்றே ஏன் கொண்டுவரல்ல, சேர்?"

என் கத்திக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"வெட்டுற மருந்து உங்கட புத்தகத்தில கிடக்கு. எங்களிட்டக் கிடக்கிறது பிடிச்சி வெக்கிற மருந்து. எத்தின புள்ளத்தாச்சிக்குப் போட்டிருக்கம். பயப்பட வேண்டியது இதுக்கில்ல, நீங்க சுணங்கினதுக்கு."

வீட்டுக்கு வந்து சஞ்சிகையை மறுபடி எடுத்தேன். அப்படி ஒரு மருந்து இன்னும் எங்கும் இல்லை, எல்லாம் ஆய்வுகூடத்தில்தான் என்று கடைசிப் பந்தியில் தெளிவாகவே இருந்தது. ஆசையில் ஒருமுறையும் பயத்தில் ஒருமுறையும் அதை விட்டுவிட்டுப் படித்திருக்கிறேன்.

ஊசி போட வேண்டிய ஒவ்வொரு நாளும் அந்த மிஸ்ஸி எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒருநாள் வீதியில் பிரச்சினை, பஸ் ஓடவில்லை. நாங்கள் வேலியோரமாக நடந்து போய்ச் சேர்ந்தபோது, அவரும் நடந்தே வந்து மருந்தை எடுத்து வைத்திருந்தார். அந்த நன்றியை எந்த வார்த்தையில் சொல்வதென்று எனக்கு இன்றும் தெரியாது.

விசர் ஏறினால் தண்ணீரைக் கண்டாலே மிரளுவார்கள் என்பதால், கடைசி ஊசிக்குப் பிறகும் நான் ஒவ்வொரு நாளும் மனைவி தண்ணீர் குடிப்பதைப் பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அதைக் கண்டுபிடித்து, வேண்டுமென்றே என் முன்னால் செம்பு நிறையக் குடித்துக் காட்டுவாள்.

மகள் அதே ஆஸ்பத்திரியில் பிறந்தாள். நான் அவள் காதில் பாங்கு சொல்லி முடித்தபோது மிஸ்ஸி எட்டிப் பார்த்தார். மனைவி பிள்ளையை என்னிடமிருந்து வாங்கி அவர் கையில் கொடுத்தாள்.

"எனக்குப் போட்ட ஊசி இவளுக்கும் போயிருக்காம், மிஸ்ஸி. எங்கட சேர் வகுப்பில படிப்பிக்கிறவர்."

அன்றுதான் அந்த மிஸ்ஸி சிரித்ததைப் பார்த்தேன். என் பிள்ளை அவர் விரலைப் பற்றிப் பிடித்திருந்தாள்.