கணக்கில் சேராத மாடி

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் வாடகைக்கு விட்ட வீடு ஒன்று எனக்கு இருந்தது. நான் இருந்தது ராயப்பேட்டையில், நான் விறகு வியாபாரம் செய்த தொட்டியை ஒட்டின வீட்டில். மயிலாப்பூர் வீட்டில் குமாஸ்தா வேலை பார்த்து ஓய்ந்த ஐயர் ஒருவர் குடியிருந்தார்.

யுத்தத்துக்கு முன்னால் அந்த வீட்டின் மேல் இரண்டு அறை கட்டினேன். பணம் போதவில்லை. என் மனைவி ஆறு தங்க வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். வீட்டை விற்கும் அன்று திரும்பச் செய்து போடுகிறேன் என்றேன். அவள் கையைத் தடவிக்கொண்டாள்.

கட்டி முடித்ததும் வீட்டு வரிக்காரன் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனான். வரி ஏறும் என்றார்கள். ஐயரிடம் போனேன்.

"இன்னா சாமி பண்றது?"

"வரி ஏறினா நீர் வாடகையை ஏத்துவீர். அந்த வம்பு ரெண்டு பேருக்கும் வேண்டாம். ஆத்து மாடி ஒழுகித்து, ரிப்பேர் பண்ணினேன், புதுசா ஒண்ணும் கட்டலைன்னு இங்கிலீஷ்ல எழுதித் தரேன். நீர் கையெழுத்தைப் போடும்."

கோணலாகப் போட்டேன். அவரே வீட்டு வரி ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்து, அதன் நகலில் முத்திரை வாங்கி வந்து என்னிடம் தந்தார். வரி ஏறவில்லை. ஐயரைக் குறை சொல்ல மாட்டேன். பொய் என்னுடையது. இங்கிலீஷ்தான் அவருடையது.

வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போன வருஷம், தொட்டி இருந்த மனையை அதன் சொந்தக்காரர் விற்கப்போவதாகச் சொன்னார். நான் வாங்காவிட்டால் பிழைப்பு போய்விடும். மயிலாப்பூர் வீட்டை விற்றேன். மனைக்குக் கொடுத்தது போக ஆறு வளையலுக்குத்தான் மிஞ்சியது. துணியில் முடிந்து பெட்டியில் வைத்தேன்.

தட்டானிடம் போவதற்குள் வருமான வரி ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. வீடு விற்ற லாபத்துக்கும் வரியாம். புதுச் சட்டம். வீட்டை விற்றுக் கொடுத்த தரகன் தைரியம் சொன்னான்.

"இன்னாத்துக்கு நைனா பயப்படுறே? வாங்கின வெலை, கட்டின செலவு, என் தரகு, மூணையும் கழிச்சா மிச்சம்தான் லாபம். அது பதினஞ்சாயிரத்துக்குள்ள இருந்தா ஒரு காசு கெடையாது. மாடி ரூம்பைக் காட்டு, தப்பிச்சுடுவே. பேப்பரெல்லாம் எடுத்துக்கினு போ."

எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. எது எந்தக் காகிதம் என்று தெரியாது. பெட்டியில் முத்திரை இருந்ததை எல்லாம் எடுத்துப்போனேன்.

ஆபீசர் மரியாதையாகத்தான் பேசினார்.

"தரகு கணக்குல சேரும். விக்கறதுக்கு முன்னாடி வெள்ளையடிச்சது சேராது. மாடி கட்டினதுக்கு ரசீது எங்கே?"

"கொத்தனார் ஏது சார் ரசீது குடுக்கப்போறான்? ஆனா சீல் வெச்ச பேப்பர் கீது."

முத்திரை பெரிதாக இருந்ததை மேலே வைத்துக் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை படித்தார்.

"இது உங்க கையெழுத்தா?"

"என்னுதுதான் சார்."

"புதுசா ஒண்ணும் கட்டலை, ரிப்பேர்தான்னு நீங்களே எழுதியிருக்கீங்களே."

"அது அப்போ சொன்ன பொய் சார். இப்போ சொல்றதுதான் நெசம்."

"அது எழுத்துல இருக்கு. இது வாய்ல இருக்கு. நான் எதை எடுத்துக்கறது?"

மாடி அறை என்று நான் சொன்ன செலவின் மேல் அவர் கோடு போட்டார். லாபம் வரம்பைத் தாண்டிவிட்டது. ரூபாய்க்கு ஓர் அணா வரி. கையோடு கொண்டுபோயிருந்த துணி முடிச்சை அவிழ்த்தேன். அதில் இருந்தது அநேகமாக எல்லாம் போயிற்று.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். உலையில் அரிசி போட்டுவிட்டுத்தான் திரும்பினாள்.

"நல்லதாப் போச்சு. சர்க்காருக்கு வளைகாப்பு போட்டுட்டு வந்துட்டே."

மறுநாள் மிச்சம் இருந்த சில்லறையில் கண்ணாடி வளையல் ஒரு டஜன் வாங்கிப்போனேன். வாங்கிக்கொண்டாள். போட்டுக்கொள்ளவில்லை. அடுப்பங்கரை ஆணியில் மாட்டிவிட்டாள். புகையில் கறுத்து வெகுநாள் அங்கேயே தொங்கின.