கடவுளைத் தாங்கிய கை

நாடகத்தின் முடிவில் கடவுளைக் கயிற்றில் தொங்கவிடுவது ஸ்மிக்ரோஸின் வேலை. ஏதென்ஸ் அரங்கில் பதினெட்டு வருடமாக, நடிகரைக் கயிற்றில் மேலே தூக்கும் பாரந்தூக்கியைப் பிடித்தவன். கெட்டிக்காரன்தான், ஆனால் தலைக்கனம் பிடித்தவன். அவனுக்கு யாரும் ஒன்று சொல்லிவிடக் கூடாது.

அன்று காலை, அவனுக்குக் கைகொடுத்து வந்த மச்சினன் பார்மென் கயிற்று உருளையைத் தடவிப் பார்த்தான்.

"அத்தான், உருளையை நிறுத்துற முளை விரிசல் விட்டிருக்கு. மாத்திடலாம்."

"நேத்து வந்தவன் எனக்குச் சொல்லித் தர்றியா? போய் ஆலிவ் பொறுக்குடா!"

"ஒடிஞ்சா சாகப்போறது கடவுள் வேஷம் கட்டித் தொங்குற தெரோன். நீங்க இல்ல."

"போடான்னா போ!"

பார்மென் போய்விட்டான். கோரஸ் என்ற பாட்டுக் குழுவில் ஆட முகமூடியோடு நின்ற எனக்கு எல்லாம் கேட்டது. நானும் வாயைத் திறக்கவில்லை. அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

எங்கள் மேடையில் யாரும் சாவதில்லை. சாவெல்லாம் கதவுக்குப் பின்னால் நடக்கும். தூதன் வந்து சொல்வான், கோரஸ் பாடி அழும். அன்றும் ராணி அப்படித்தான் செத்தாள். பிறகு தெரோன் கடவுள் வேடத்தில் கூரைக்கு மேலே தொங்கிப் பேசத் தொடங்கினான். பத்து வரி போயிருக்கும். உள்ளே படக்கென்று ஒரு சத்தம். கடவுள் ஒரு சாண் இறங்கினார்.

கூட்டம் அதை வித்தை என்று நினைத்து ஆர்ப்பரித்தது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. முளை ஒடிந்துவிட்டது, ஸ்மிக்ரோஸ் வெறுங்கையால் கயிற்றைப் பிடித்திருக்கிறான். இன்னும் ஐம்பது வரி பாக்கி. கோரஸ்காரன் இடம் விட்டு ஓட முடியாது. தெரோனோ கைதட்டலில் மயங்கி ஒவ்வொரு சொல்லையும் இழுத்தான். 'முடிச்சுத் தொலைடா பாவி' என்று முகமூடிக்குள் முனகிக்கொண்டே ஆடினேன். கடவுள் இன்னும் அரைச் சாண் இறங்கினார்.

கடைசி வரி முடிந்ததும் கடவுள் மெல்ல மெல்ல மேடைக்குப் பின்னால் போனார். ஓடிப்போய்ப் பார்த்தேன். ஸ்மிக்ரோஸின் விரல்களை நாங்கள்தான் கயிற்றிலிருந்து பிரித்தோம். உள்ளங்கையில் தோலே இல்லை.

"ஏன்யா, கயிறு அப்படி ஆடுது?" என்று தெரோன் எகிறினான்.

ஸ்மிக்ரோஸ் அவன் பக்கம் திரும்பவேயில்லை. என்னைப் பார்த்து, "பார்மென் சொன்னது சரின்னு அவன்கிட்டச் சொல்லிடு" என்றான்.

"நீயே சொல்லு."

அவன் கைக்குக் கட்டுப் போட்டோம். மூன்று விரல்கள் பிறகு மடங்கவேயில்லை. பாரந்தூக்கி பார்மென் கைக்குப் போனபோதும் 'நீ சொன்னது சரி' என்று ஸ்மிக்ரோஸ் அவனிடம் சொல்லவில்லை.

அடுத்த வசந்த விழாவில் ஸ்மிக்ரோஸ் முதன்முறையாகக் கூட்டத்தோடு உட்கார்ந்தான். மேடையில் ஒரு ராஜா, எச்சரிக்க வந்த காவல்காரனை விரட்டினான். அத்தனை கூட்டமும் மூச்சுவிடாமல் பார்த்திருந்தபோது ஸ்மிக்ரோஸ் எழுந்து நின்று கத்தினான்:

"அவன் சொல்றதக் கேளுடா, முட்டாப் பயலே!"

எல்லோரும் சிரித்தார்கள். பாரந்தூக்கிக்குப் பக்கத்தில் நின்ற பார்மென் மட்டும் அழுதான்.