ஞானப்பல்லின் வேர் நுனி

சின்னம்மாவின் மகளுக்குப் பதினெட்டு ஆகிவிட்டதா இல்லையா என்பதுதான் அந்த விடுமுறை முழுக்க நானும் அவளும் தங்கியிருந்த கொழும்பு வெள்ளவத்தை அறையில் பேச்சு. ஆகவில்லை என்றால் லண்டனிலிருக்கும் சின்னம்மா அவளைப் பிள்ளை விசாவில் கூப்பிடலாம். ஆகிவிட்டதென்றால் இங்கேயே கிடக்க வேண்டியதுதான். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் வன்னியில் வீட்டோடு எரிந்துபோனது.

சின்னம்மா தொலைபேசியில் பதினேழு என்றார். மகளோ, "என்னோட படிச்சவளவைக்கெல்லாம் பதினெட்டு, அக்கா. எனக்கு மட்டும் எப்பிடிக் குறையும்?" என்றாள். இடம்பெயர்ந்த பள்ளிக்கூடத்தில் உட்கார வாங்கு போதாமல் அவளை ஒரு வகுப்பு ஏற்றி இருத்தினார்களாம்; இது சின்னம்மாவின் கணக்கு. அவளுக்கு அப்படி ஒன்றும் ஞாபகமில்லை.

நான் அப்போது பல் மருத்துவம் இரண்டாம் வருடம். படித்ததை உடனே எதிலாவது பரீட்சித்துப் பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. தூதரகம் வயதுக்கு ஆதாரம் கேட்டதுதான் தாமதம், "பல்லுப் பொய் சொல்லாது, வா" என்று அவளைக் கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த பல் டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். ஞானப்பல்லின் வேர் நுனி மூடியிருந்தால் பதினெட்டைத் தாண்டியாயிற்று, திறந்திருந்தால் இல்லை. அவ்வளவுதானே? ஒப்பிட்டுப் பார்க்க என் வாயையும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேன்.

டொக்டர் இரண்டு படங்களையும் வெளிச்சப் பெட்டியில் கொளுவினார். அவளுக்கு இடப்பக்க வேர் மூடியது போலவும் வலப்பக்க வேர் திறந்தது போலவும் இருந்தது. எனக்கு ஞானப்பல்லே இல்லை. முளை கூட இல்லை.

"ஞானப்பல்லை மட்டும் நம்பினா உமக்கு எட்டு வயசு, பிள்ளை" என்று சிரித்தார்.

"அப்ப இவளுக்கு?"

"பதினாறிலயிருந்து இருபது. அப்பிடித்தான் எழுதித் தரலாம்."

"பதினெட்டுக்குக் கீழயோ மேலயோ? அதைச் சொல்லுங்கோ டொக்டர்."

"அதைத்தான் இது சொல்லுதில்லை."

படியிறங்கும்போது அவள், "என்ர வயசைத் தேடி வந்து உங்கட வயசும் போச்சே அக்கா" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெள்ளவத்தைக்குத் திரும்பியதும் தொலைபேசிக் கடையிலிருந்து லண்டனுக்கு எடுத்தோம். ரிசீவரை இருவரின் காதுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, டொக்டர் சொன்னதைச் சின்னம்மாவிடம் சொன்னேன்.

"பதினேழுதான்" என்றார் சின்னம்மா. "உன்னை வயித்தில வச்சுக்கொண்டுதானே சண்டைக்குப் பயந்து முதல் தரம் ஓடினனான்."

"கையில தூக்கிக்கொண்டு ஓடினதெண்டெல்லோ முந்திச் சொன்னனீங்கள், அம்மா? அப்ப பதினெட்டெல்லோ வரும்?"

சின்னம்மா அந்தப் பக்கம் வருசங்களை முணுமுணுத்து எண்ணினார்.

"அது ரெண்டாந்தரமோ தெரியேல்ல" என்றார் கடைசியில். "பிள்ளை, நீ வந்திடு."

"சரி அம்மா. பதினேழெண்டே சொல்லுறன்."

அவள் ரிசீவரை வைத்தாள். நான் அவளுடைய எக்ஸ்ரே படத்தைக் கடையின் டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து அந்த வலப்பக்க வேர் நுனியைத் தேடினேன். ஒருமுறை பார்த்தால் மூடியிருந்தது. மறுமுறை பார்த்தால் திறந்திருந்தது.