லீ ஆற்றில் ஒரு வெள்ளத்து ஞாயிறு

போன கிழமை மூன்று நாள் விடாத மழை. நனைந்த மழைக்கோட்டை ஹீற்றரின் மேல் போட்டுவிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போனேன். திரும்பி வந்தால் அறை முழுக்க ஈர நைலோன் காய்கிற மணம். மனைவி ஜன்னலைத் திறக்கச் சொன்னாள். எனக்கு எழும்ப மனம் வரவில்லை. அந்த மணத்துக்குள் லண்டன் வால்தம்ஸ்டோவில் நாங்கள் இருந்த பழைய வீடு அப்படியே இருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். இரண்டு அறைகளில் நாலு பேர் இருந்தோம். எல்லோரும் அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தவர்கள். எனக்குப் பெற்றோல் நிலையத்தில் வேலை. வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவன் என்ற பெயர் எனக்குத்தான். கவுன்சில் கடிதத்திலிருந்து மருந்துப் போத்தல் வரை என்னிடம்தான் வரும். பாதி விளங்காது. விளங்கியது போல முகத்தை வைத்துக்கொள்ள மட்டும் நன்றாகப் பழகியிருந்தேன்.

என் அறையில் இருந்தவர் திரு அண்ணை, என்னைவிடப் பத்து வயது மூத்தவர். யாழ்ப்பாணத்தில் தபால் கந்தோரில் கடிதம் பிரித்தவர். இங்கே ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினார். மனைவியும் மகளும் ஊரில். நாலு மாதமாக அவர்களிடமிருந்து ஒரு வரி இல்லை. ஊராருக்கெல்லாம் கடிதம் பிரித்த மனிதர், ஒவ்வொரு காலையும் எங்கள் வாசல் கதவடியில் குனிந்து பீட்சா விளம்பரங்களைப் பொறுக்கிக்கொண்டு நிமிர்வார். பிறகு பேச்சும் நின்றுபோனது. கேட்டால் ஓம், இல்லை. அவ்வளவுதான்.

நவம்பரில் ஒருநாள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவர் தானாகவே வாய் திறந்தார். "ஞாயிறு மீன் பிடிக்கப் போவமே?"

ஊரில் ஞாயிறுகளில் பண்ணைப் பாலத்தில் தூண்டில் போட்டவராம். அவர் பேசியதே பெரிது என்று வீடே பரபரத்தது. ஒருவர் பழைய சாமான் சந்தையில் தூண்டில் தடி ஒன்று தேடிக்கொண்டு வந்தார். நான் தபால் கந்தோரில் மீன்பிடி லைசென்ஸ் எடுத்துக் கொடுத்தேன். இந்த நாட்டில் ஆற்று மீனைப் பிடித்து, முத்தம் கொடுக்காத குறையாகத் தடவி, திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுவார்கள் என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. பிறகு ஏன் பிடிக்கிறார்களாம் என்று கேட்டுச் சிரித்தார். அவர் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது.

ஞாயிறு விடிய பஸ் பிடித்து லீ ஆற்றுக்குப் போனோம். ஆறு பெருகி நடைபாதையில் ஏறியிருந்தது. கலங்கல் தண்ணீரில் மரக்கிளை, பிளாஸ்டிக் கூடை, ஒரு கால்பந்து எல்லாம் எங்களை முந்திக்கொண்டு போயின. நான் வீட்டுக்குத் திரும்புவோம் என்றேன். அவர் காதில் விழவில்லை. கரையோரமாக நெடுந்தூரம் நடந்து, விழுந்து கிடந்த ஒரு மரத்தருகே நின்றார். அதன் பின்னால் மட்டும் தண்ணீர் இழுக்காமல் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.

"வெள்ளத்திலை மீனும் ஒதுங்க இடம் தேடும், தம்பி. இஞ்சைதான் நிக்கும்."

மண்புழுவைக் குத்திப் போட்டுவிட்டு மகளைப் பற்றிப் பேசத் தொடங்கினார். பிடித்த மீனின் கண்ணைத் துணியால் மூடினால்தான் அவள் கிட்ட வருவாளாம். நான் இடையில் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் நிறுத்திவிடுவாரோ என்று பயம்.

ஒரு மணித்தியாலம் போயிருக்கும். பெரிய பச்சைக் குடையும் மடக்குக் கதிரையுமாக ஒரு வெள்ளைக்காரர் வந்தார். கரை முழுக்க வெறுமையாகக் கிடந்தது. ஆனால் அமைதியான தண்ணீர் அந்த ஒரு இடத்தில்தான். எங்கள் பையைக் காலால் தள்ளிவிட்டுக் கதிரையைப் போட்டார். முகம் பார்க்கவில்லை. அவர் எறிந்த தூண்டில் எங்கள் தூண்டில் மிதப்புக்குக் குறுக்கே விழுந்தது. திரு அண்ணை தன் மிதப்பைத் தள்ளிப் போட்டார். மறுபடி குறுக்கே விழுந்தது. இன்னும் தள்ளிப் போட்டார். அதற்கு மேல் தள்ள மரம்தான் இருந்தது.

அப்போதுதான் எங்கள் தூண்டிலில் மீன் மாட்டியது. தடி வில்லாக வளைந்தது. திரு அண்ணை மூச்சைப் பிடித்துக்கொண்டு விட்டு விட்டு இழுத்தார். பக்கத்தில் ஒருவருக்கு மீன் மாட்டினால் மற்றவர் தன் தூண்டிலை எடுத்து வழிவிடுவது எந்தக் கரையிலும் உள்ளதுதான். அந்த மனிதர் அசையவில்லை. மீன் அவர் பக்கம் ஓடியது. இரண்டு நூலும் சிக்கின. அவர் எழுந்தார், சிக்கலைக் கையில் எடுத்தார், சட்டைப் பையிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்து எங்கள் நூலை வெட்டினார்.

தடி நிமிர்ந்தது. மீனை நாங்கள் கண்ணால்கூடக் காணவில்லை.

பழக்கமில்லாதவர்கள் இங்கே வந்து மற்றவர்களின் நாளைக் கெடுக்கக் கூடாது என்றார் அவர். திரு அண்ணை என்னைப் பார்த்தார். ஆங்கிலம் தெரிந்தவன் நான்தானே. என் நெஞ்சுக்குள் சொல்ல ஆயிரம் இருந்தது. சத்தம் போட்டால் பொலிஸ் வருமோ, விண்ணப்பம் கெட்டுவிடுமோ என்ற நினைப்பும் இருந்தது. வாய் திறந்தபோது, பெற்றோல் நிலையத்தில் நாள் முழுக்க மன்னிப்புக் கேட்டுப் பழகிய வார்த்தைதான் வந்தது.

சொரி என்றேன்.

திரு அண்ணை அறுந்த நூலை மெல்லச் சுற்றி எடுத்தார். பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான் பேசினார்.

"என்ன சொன்னனீ அவனுக்கு?"

"ஒண்டுமில்லை அண்ணை. விடுங்கோ எண்டு சொன்னன்."

அவர் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "சொரி எனக்கும் விளங்கும், தம்பி."

கோபம் இல்லை அந்தக் குரலில். இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு அவர் தூண்டிலைத் தொடவில்லை. தை மாதம் கடிதம் வந்தது. மனைவியும் மகளும் கொழும்புக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். அன்றைக்கு எல்லோரையும் கட்டிப்பிடித்தார், என்னையும்தான். ஆனால் மகளைப் பற்றி ஆற்றங்கரையில் பேசியது போல என்னிடம் மறுபடி பேசவில்லை. இரண்டு வருடத்தில் கனடா போய்விட்டார். வருடப் பிறப்புக்கு வருடப் பிறப்பு தொலைபேசியில் பேசுவோம். ஒவ்வொரு முறையும் அந்த ஞாயிறைப் பற்றிக் கேட்க நினைப்பேன். குளிர் எப்படி என்று கேட்டுவிட்டு வைப்பேன். ஒரு வருடப் பிறப்புக்கு அவருடைய மகள் தொலைபேசி எடுத்துச் சொன்னாள், அப்பா போன மாதம் இறந்துவிட்டார் என்று.

பிறகொரு நாள் அந்த ஆற்றங்கரைக்குப் போனேன். விழுந்த மரத்தை எடுத்துவிட்டார்கள். கரையைக் கொங்கிறீட்டால் நேராக்கி, அடுக்குமாடிகள் கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் ஒதுங்கி நின்ற இடம் எதுவென்று கண்டுபிடிக்க முடியவில்லை. இன்றைக்கு என் ஆங்கிலத்துக்கு ஒரு குறையும் இல்லை. அந்த மனிதரிடம் அன்று சொல்லியிருக்க வேண்டியதைத் தடுமாறாமல் சொல்லுவேன். பக்கத்தில் நின்று கேட்கத்தான் திரு அண்ணை இல்லை.