முன்னால் பார்த்துப் பேசுகிறவர்கள்

நான் நாலாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் நாமக்கல்லில் நான் கட்டிய லாரி பாடியைக் கையால் தட்டிப் பார்த்தே, யார் பட்டறை வேலை என்று சொல்லிவிடுகிற டிரைவர்கள் உண்டு. சும்மா சொல்லவில்லை. அந்தப் பேர் இருந்ததால்தான் சேலத்து ஆஸ்பத்திரியில் சமூகப் பணி பார்த்த ஓர் அம்மா என்னைத் தேடி வந்தார். குடியை விட்ட டிரைவர்களை வாரம் ஒருமுறை சேர்த்து உட்காரவைத்துப் பேசவிட வேண்டும், இடம் வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் பட்டறையைத் திறந்துவிட்டேன். டீயும் என் பொறுப்பு.

அந்த அம்மா கையில் ஒரு நோட்டு. எட்டுப் பேர், வட்டமாக உட்கார வேண்டும், பத்தே வாரம் என்று எல்லாம் எழுதிவைத்திருந்தார். "முகூர்த்தம் குறிச்ச மாதிரி முடிவையும் குறிச்சிட்டீங்களே!" என்று சிரித்தேன்.

"முடியிற நாள் தெரிஞ்சாத்தாங்க ஐயா மனசு விட்டுப் பேசுவாங்க" என்றார்.

எங்கே பேசினார்கள்? முதல் இரண்டு வாரமும் எட்டுப் பேரும் அவரவர் கால்விரலையே பார்த்தார்கள். அதில் ஒருவன் மேச்சேரிக்காரன். அவன் குடி பொறுக்காமல் சம்சாரம் கைக்குழந்தையோடு ஜலகண்டாபுரத்துத் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். பத்து வாரமும் விடாமல் போனால்தான் முகத்தைப் பார்ப்பேன் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். மூணாவது வாரம் அவனே எழுந்துவிட்டான்.

"பொண்ணு பாக்க வந்தவங்களாட்டம் மூஞ்சிய மூஞ்சியப் பாத்துக்கிட்டு, என்னால ஆகாதுங்க மொதலாளி. நான் போய்ட்டு வாரேன்."

போகிற வழியில் என்ன கடை இருக்கிறது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டிரைவர் பேசுவது ரோட்டைப் பார்த்துக்கொண்டு. பக்கத்தில் இருப்பவன் முகத்தைத் திரும்பிப் பார்த்தால் வண்டி புளியமரத்தில்தான் போய் நிற்கும். அவர்களைப் போய் எதிரும் புதிருமாக உட்காரவைத்தால் வாய் திறக்குமா? எந்தப் படிப்பிலும் இது இருக்காது. "பெஞ்சைத் திருப்புங்கடா!" என்று சத்தம் போட்டேன். லாரி கேபின் மாதிரி முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, எல்லார் பார்வையும் வாசல் பக்கம். அந்த அம்மாவுக்கு இடது ஓரம்.

"மேடம் கிளீனர் சீட்டுல ஏறிட்டாங்க. தூங்குனா எறக்கி உட்ருவோமுங்க" என்றார் ஒரு கிழட்டு டிரைவர். முதலில் சிரித்தது அந்த அம்மாதான்.

மேச்சேரிக்காரனும் உட்கார்ந்தான். வாசலைப் பார்த்தபடியே பேசினான். "ரோட்டுல நான் தொட்டதே இல்லீங்க. ஊட்டுக்கு வந்தாத்தான். ரெண்டு நாளு சேந்தாப்புல ஊட்ல இருந்தா இந்தக் கையை எங்க வெக்கறதுன்னே தெரியலீங்க."

"எனக்கும் அப்படித்தான் சாமி" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. அன்றைக்கு டீ ஆறியே போனது.

எத்தனையோ வண்டி கட்டி அனுப்பியிருக்கிறேன். ஓடாத அந்த இரண்டு பெஞ்சு வண்டியைப் போல ஒன்று எனக்கு வாய்க்கவில்லை. வெல்டிங் சத்தம் இல்லாத அந்த ஞாயிற்றுக்கிழமைகளை இப்போதும் தேடுகிறேன்.

ஒன்பதாவது வாரம் அந்த அம்மாவிடம் சண்டையே போட்டேன். "பத்தோட நிறுத்தாதீங்க. நிறுத்துனா அந்த மேச்சேரிக்காரன் கடைக்குப் போயிருவான்."

"அவரு வாழ வேண்டியது உங்க பட்டறையில இல்லீங்களே ஐயா" என்றார். கடைசி வாரம் எல்லாரையும் ஒரே கேள்வி கேட்டார்: அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு எங்கே இருப்பீர்கள்? ஏழு பேர் சொன்னார்கள். மேச்சேரிக்காரன் மட்டும் வாய் திறக்கவில்லை. நான் விடுவேனா? யார் வந்தாலும் பட்டறை திறந்திருக்கும் என்று அறிவித்தேன்.

பதினோராவது ஞாயிறு பெஞ்சைப் போட்டு, டீ வாங்கிவைத்துக் காத்திருந்தேன். ஒருத்தரும் வரவில்லை. ஐந்து மணியானதும் பயம் பிடித்துக்கொண்டது. மேச்சேரிக்காரனுக்குப் போன் போட்டேன். பெண் குரல்.

"அவரு சம்சாரம் பேசறேனுங்க. காத்தாலயே எங்கம்மா ஊட்டுக்கு வந்துட்டாருங்க. கொழந்தையத் தூக்கிக்கிட்டுக் கோயில் பக்கம் போயிருக்காரு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா அம்மிணி?"

"சொன்னா நீங்க பட்டறைக்கு வரச் சொல்லுவீங்கன்னு பயந்துட்டாருங்க."

வரச் சொல்லியிருப்பேன். பொய்யில்லை.

"அங்கேயே இருக்கட்டும் அம்மிணி" என்று போனை வைத்தேன்.