கலங்கிய தண்ணீர்

டெல்லியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவுகிறவள் கோமளா. அன்று பால்போல் கலங்கியிருந்த தண்ணீரை அழுக்கென்று நினைத்துத் தொட்டியில் கொட்டிவிட்டாள். ஆராய்ச்சி மாணவி வைஷ்ணவி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

“ஐயோ அக்கா! அது இறால் ஓட்டுலேருந்து எடுத்த மாவு. தண்ணிக்குள்ள தானா ஒண்ணுசேர்ந்து மருந்தைப் பொதிஞ்சுக்கும், உடம்புக்குள்ள போய்க் கொஞ்சம் கொஞ்சமா விடும். கலங்கினாத்தான் சேர்ந்திருக்குன்னு அர்த்தம்.”

“யாரும் சேர்த்து வைக்க வேணாமா?”

“வேணாம்கா.”

கோமளாவுக்கு அந்த மாவின்மேல் பொறாமையாக இருந்தது. தமிழர்கள் குடியிருந்த மதராசி கேம்ப் குடிசைகளை இடித்தபோது அவளை நகரத்தின் கோடியிலிருக்கும் நரேலாவுக்கு அனுப்பினார்கள். கேம்ப்பில் அடுத்த வீட்டிலிருந்த சந்திரம்மாள் எங்கே போனாளோ! சுவரைத் தட்டினால் ஓடிவருகிறவளிடம் போன் நம்பரை யார் கேட்டு வைப்பார்கள்?

அன்று மாலை குழம்பு கொதிக்கையில் கை தானாகச் சுவரைத் தட்டிவிட்டது. அந்தப் பக்கத்திலிருந்து யாரென்று இந்தியில் அதட்டினார்கள்.